பாலில்லாத் தேநீர் விரதமல்ல

எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரத்தக் கொதிப்பு இல்லை, கொழுப்பு இல்லை, இடுப்பைக் குறைக்கும் ஆசையும் இல்லை. ஐம்பத்தாறு வயதில் இருக்கிற இடுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். பாலும் சீனியும் இல்லாமல் நான் தேநீர் குடிப்பதற்கு ஒரே காரணம், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சொன்னால் யாரும் நம்புவதில்லை. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பல் மருத்துவ நிலையம் ஒன்றின் முன் மேசையில் எனக்கு வேலை. எதிரே காப்பிக் கடை. பத்து வருடமாக அங்கே பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் வாங்கிக்கொண்டிருந்த நான் ஒரு நாள் "தே ஓ கோசோங்" என்றேன். பாலும் வேண்டாம், சீனியும் வேண்டாம் என்று அர்த்தம். டீ மாஸ்டர், என் வயதுக்காரர்தான், தூக்கிய குவளையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிட்டார்.

"என்னம்மா, சுகரா?"

"இல்லண்ணே."

"எவ்ளோ காட்டுது?"

"ஒண்ணும் காட்டல. சும்மாதான் கேக்குறேன்."

"ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க. வெந்தயத்தை ஊறப் போட்டுக் குடிங்க லா."

பக்கத்து மேசையில் இருந்தவர் பாகற்காய்ச் சாற்றைப் பற்றிச் சொன்னார். கல்லாவில் இருந்த பெண் தன் மாமியாரின் கால் விரலைப் பற்றிச் சொன்னாள். நான் ஒரு குவளை டீ கேட்டேன், கிடைத்தது ஒரு ஆஸ்பத்திரி வார்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது, என் வீட்டார் என் தேநீருக்கு வைத்த பெயர். அவர்கள் அதை விரதம் என்றார்கள்.

என் கணவர் போய் இரண்டரை வருடமாகிறது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. விடிகாலை ஐந்து மணிக்கு எழுவார். எழுந்ததும் டீ வேண்டும். தூளைக் கொதிக்கவிட்டு, பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, இரண்டு தடவை பொங்கி இறக்கிய டீ. வேலைக்குக் கிளம்பும்போது ஃபிளாஸ்கில் ஒன்று. வந்ததும் ஒன்று. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒன்று. வெளியில் குடிக்க மாட்டார். "உன் டீ மாதிரி எங்கயும் வராதுடி" என்பார். பினாங்குக்கு உல்லாசப் பயணம் போனபோது துணிப்பெட்டிக்குள் தூள், பால் டின், இஞ்சி, மின்சாரக் கெண்டி எல்லாம் வந்தன. கடலைப் பார்த்த அறையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் டீ போட்டேன். அந்தப் பாராட்டில் எனக்குப் பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் பாராட்டுதான் இருபத்தெட்டு வருடம் என்னை அடுப்படியில் கட்டிப்போட்டது.

வீட்டில் நான் குடித்தது வடிகட்டியில் கடைசியாகச் சொட்டிய அரைக் குவளை. ஆறிப்போய், மேலே ஆடை கட்டியிருக்கும். பிடிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். எனக்கு அது எப்போது புளித்தது என்றே தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை டீயைக் குடித்துவிட்டு, சப்பாத்து மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

துக்க வீட்டில் பால் ஊற்றிய டீ கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் வெறும் தே ஓதான். என் கணவரின் அக்கா பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் எங்கள் வீட்டிலேயே பதினாறு நாளும் தங்கி, பெரிய அண்டாவில் தே ஓ போட்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்குத் தலை வாரிவிட்டு, சோறு ஊட்டிவிட்டு, வந்தவர்களுக்குப் பதில் சொன்னவரும் அவர்தான். அவரைப் பற்றிக் குறையாக எழுதப் போகிறேன், அதனால் இதையும் எழுதிவைக்க வேண்டும். காரியம் முடிந்த அன்று முதல் பால் டீயை அவரே போட்டு என் கையில் கொடுத்தார். துக்கம் கழிந்தது, இனி பால் சேர்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். நான் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டேன். அதன் பிறகு பல மாதம் டீ பக்கமே போகவில்லை. யாருக்காகப் போடுவது?

ஏழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை. எனக்குச் சனிக்கிழமை வேலை கிடையாது. சைனாடவுனில் இருக்கும் சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வெளியே வந்தேன், மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லை. கடைகளின் முன்னால் போகும் ஐந்தடிப் பாதையில் ஓடிப்போய் ஒதுங்கினேன். ஒதுங்கிய இடம் ஒரு தேயிலைக் கடை. உள்ளே சின்ன மேசை ஒன்றின் பின்னால் ஒரு சீனப் பெண், முப்பது வயதுதான் இருக்கும், தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நனையாமல் உள்ளே வந்து உட்காருங்கள் என்று கை காட்டினாள்.

சொப்புச் சாமான் அளவுக்கு ஒரு கிண்ணம். அதில் இளம்பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். தேயிலை போட மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். குடித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"வாட் டு யூ டேஸ்ட், ஆன்ட்டி?"

நைஸ் என்றேன். நைஸ் என்பது சுவை இல்லையே, நாக்கில் என்ன தெரிகிறது என்று ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டாள். கிண்டலாக இல்லை. பதில் வேண்டும் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பு சரியா, உறைப்பு போதுமா, டீயில் இனிப்பு பார்த்துச் சொல்லுங்கள் என்று நான் கேட்டிருக்கிறேன், ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். என் நாக்கில் என்ன தெரிகிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. முன்பின் தெரியாத பெண்ணுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்ள வெட்கமாக இருந்தது. மூடிக்கொண்டேன். இன்னொரு வாய் குடித்தேன். பாசிப்பருப்பை வெறும் சட்டியில் வறுக்கும்போது, சிவக்கிறதற்குச் சற்று முன்னால் ஒரு வாசனை எழும்புமே, அது தெரிந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொன்னேன். எவ்வளவு நேரம் வறுப்பீர்கள் என்று கேட்டாள். மழை விட்ட பிறகும் நாங்கள் இருவரும் பருப்பு வறுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பச்சைத் தேயிலையில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் வீட்டில் போட்டுப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. என் கைக்குத் தெரிந்த டீ ஒன்றுதானே? தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டேன். இலையைக் கைநிறைய அள்ளிப் போட்டேன். இரண்டு தடவை பொங்கவைத்து மூடிவைத்தேன். பழக்க தோஷத்தில் இஞ்சியும் தட்டிப் போட்டேன். கடைசியில் வடிகட்டியில் கரண்டியால் அழுத்தி, சாறு விடாமல் பிழிந்தேன். வேப்பிலைக் கஷாயம் இதைவிட நன்றாக இருக்கும். கடைக்காரி ஏமாற்றிவிட்டாள் என்று எனக்குக் கோபமான கோபம். அந்தக் கஷாயத்தைச் சாட்சிக்கு ஃபிளாஸ்கில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, அடுத்த சனிக்கிழமை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். நடித்துக் காட்டினேன், பிழிந்தது உட்பட. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு அப்படிச் சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

பச்சை இலைக்குக் கொதிநீர் ஆகாது, தண்ணீர் பாதி வழியில் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். வெப்பமானி ஒன்றைக் காட்டினாள். எனக்கு எதற்கு அது? நான் என் பாத்திரத்தைப் பார்த்து எனக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டேன். அடியில் கடுகளவு குமிழி வந்தால் பச்சைத் தேயிலைக்கு. மிளகளவு வந்தால் பாதி கறுத்த ஊலோங் இலைக்கு. புரண்டு கொதித்தால் முழுக்கக் கறுத்த இலைக்கு. கடைக்காரப் பெண் வெப்பமானியை வைத்துச் சோதித்துப் பார்த்தாள். கடுகு ஒரு நாளும் தவறவில்லை.

ஒன்றுக்கு மட்டும் என் கை வளையவே இல்லை. அதே இலைக்கு இரண்டாவது தண்ணீர், மூன்றாவது தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். போட்ட தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றி டீ கொடுக்கிற வீட்டை எங்களவர்கள் தலைமுறைக்கும் மறக்க மாட்டார்கள், அவ்வளவு கஞ்சத்தனம் அது. முதல் தண்ணீரோடு இலையைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருந்தேன். கேள்விப்பட்டதும் அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். இரண்டாவது தண்ணீரில்தான் இலை வாயைத் திறக்கும் என்றாள். ஒரு மாதம் கழித்து, யாரும் பார்க்காதபோது ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

சனிக்கிழமை காலைகளில் அந்த மேசையைச் சுற்றி ஆறேழு பேர் கூடுவார்கள். குடிப்பார்கள், சுவையைச் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர் எல்லாவற்றிலும் ஆர்க்கிட் பூவும் கஷ்கொட்டையும் கண்டுபிடிப்பார். முதல் நாள் என்னைப் பார்த்து, உங்கள் ஆட்கள் டீயைக் கொதிக்கவைத்தே கொன்றுவிடுவார்களே என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் கணவரின் டீயைப் பற்றி யாரும் பேச நான் விடுவதாக இல்லை. அது நல்ல டீ, அதைக் குடித்துவிட்டு ஒரு மனிதர் முப்பது மாடிக் கட்டடங்களில் லிஃப்டைத் தூக்கி நிறுத்தினார், உங்களுக்குப் போட்டுக் கொடுத்தால் இரண்டாவது குவளை கேட்பீர்கள் என்றேன். எனக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். அது என் வீட்டு விஷயம்.

இன்னொரு நாள் ஒரு தைவான் ஊலோங். உருண்டை உருண்டையாகச் சுருண்ட இலை. குடித்ததும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வெண்ணெய் உருக்கி நெய்யாகி வரும்போது கடைசியில் ஒரு கொத்து முருங்கை இலை போடுவோமே, அது படபடவென்று பொரிந்து அடங்கும்போது வருகிற வாசனை. சொன்னேன். எல்லாரும் விழித்தார்கள். ஆர்க்கிட்தானே என்றார் கண்ணாடிக்காரர். ஆர்க்கிட்டுக்கு வாசனை உண்டா என்று அவரையே கேட்டேன். அடுத்த வாரம் தேக்கா சந்தையில் முருங்கை வாங்கி, வெண்ணெய் உருக்கி, சின்னப் போத்தலில் நெய்யைக் கொண்டுபோய் ஒவ்வொருவர் மூக்கின் கீழும் பிடித்தேன். கண்ணாடிக்காரர் போத்தலை முகர்ந்தார், கிண்ணத்தை முகர்ந்தார், மறுபடி போத்தலை முகர்ந்தார். கடைக்காரப் பெண் அந்தத் தேயிலை டப்பாவின் சீட்டில் ஆங்கில எழுத்தில் முருங்கை என்று எழுதி ஒட்டிவிட்டாள். இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

நாக்கு விழித்துக்கொண்ட பிறகு வாழ்க்கை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது. வேலை முடிந்து வந்து, குளித்து, கடுகுக் குமிழிக்காகக் காத்திருந்து, சன்னலோரம் உட்கார்ந்து மூன்று தண்ணீர் குடிப்பேன். ஜப்பான் இலையில் கீரை வெந்த தண்ணீரின் வாசனை. வெள்ளைத் தேயிலையில் சோற்றுக் கஞ்சியின் இலேசான இனிப்பு. நாக்கின் இரு பக்கமும் பிடித்து இழுக்கிற அந்தத் துவர்ப்பு, நெல்லிக்காய் தின்ற பிறகு தண்ணீர் குடித்ததுபோல மெதுவாக இனிப்பாக மாறும். அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் எதுவும் ஆற்றித் தர வேண்டியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துணை போன வீட்டில் சந்தோஷம் என்ற வார்த்தையை எழுதக் கூச்சப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சொல்லாமல் வந்தார். நான் பாலில்லாமல் ஊற்றிக் குடிப்பதைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே கண் கலங்கியது. என் கன்னத்தைத் தடவினார்.

"இன்னுமாம்மா?"

எனக்குப் புரியவில்லை. அவருக்குத்தான் எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. துக்கத்து டீயை நான் இன்னும் விடவில்லையாம். பதினாறு நாளில் எல்லாரும் முடித்துக்கொண்டதை, நான் ஆயுசுக்கும் எடுத்துக்கொண்டுவிட்டேனாம்.

"அப்படியெல்லாம் இல்லக்கா. எனக்குப் பிடிச்சிருக்கு, அதான் குடிக்கிறேன்."

"பிடிச்சுக்கத்தானே வேணும். வேற என்ன செய்றது?"

அடுத்த வாரத்துக்குள் பொங்கோலில் இருக்கும் என் மகன் வரைக்கும் செய்தி போய்விட்டது. அவன் ஃபோன் செய்தான். "மா, அத்தை சொன்னாங்க. அப்பாவுக்காகப் பாலை விட்டுட்டியாமே. யூ நெவர் டெல் மீ." கல்யாண வீடுகளில் எல்லாருக்கும் பால் டீ போகும், எனக்கு மட்டும் தே ஓ தனியாக வரும். கொண்டுவருகிறவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். சனிக்கிழமை தவறாமல் நான் சைனாடவுன் பக்கம் போவதும் தெரிந்துபோனது. மாரியம்மனுக்கு வாராவாரம் போகிறாள் என்று அதையும் விரதத்தில் சேர்த்துவிட்டார்கள்.

ஆரம்பத்தில் நான் உரக்க மறுக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல பேர் யாருக்குக் கசக்கும்? ஆனால் பாலை விட்டவள் என்று பேர் வந்தால், மற்றதை அவர்களே ஒவ்வொன்றாக விடவைப்பார்கள். தீபாவளிக்கு மகன் எடுத்துத் தந்த புடவை சாம்பல் நிறம். "நீ ஆடம்பரம் விரும்ப மாட்டியேன்னு அத்தைதான் சூஸ் பண்ணாங்க." குடும்பமாகக் கடற்கரைக்குப் போனார்கள், என்னைக் கூப்பிடவில்லை. அவள் அதிலெல்லாம் மனம் வைப்பதில்லை என்று சொன்னார்களாம். எனக்கென்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்று பிடித்திருந்தது. அதைப் பிடுங்கவில்லை அவர்கள். பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்குத் துக்கம் என்று பெயர் மாற்றி, மாலை போட்டுக் கும்பிட்டார்கள். கிண்ணத்தை எடுத்தாலே யாரோ என் மேல் இரக்கப்படுகிற நினைப்பு வந்துவிடும். தேநீர் ருசிக்காமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

இரண்டாம் வருஷத் திதி வந்தது. ஐயர் வந்து போய்விட்டார். படையல், சாப்பாடு எல்லாம் முடிந்து, பதினைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"இந்தக் காலத்துல யாரு இருப்பா இப்படி? ரெண்டு வருஷமா பால் தொடல, சீனி தொடல. என் தம்பி குடுத்து வெச்சவன்." பிறகு என்னைப் பார்த்தார். "அடுத்த மாசம் எங்க பிளாக்ல விளக்கு பூஜை. எல்லார்கிட்டயும் உன்னப் பத்திச் சொல்லிட்டேன். நீ வந்து முன்னால உக்காந்து, விரதத்தைப் பத்தி நாலு வார்த்தை பேசணும்."

கூடத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். அது சின்ன மரியாதை இல்லை. என் கணவர் போன பிறகு எந்த விளக்கு பூஜைக்கும் என்னை யாரும் அழைத்ததில்லை. கணவன் இல்லாதவளை முன்வரிசையில் உட்காரவைக்க அக்கா எத்தனை பேரிடம் வாதாடியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் செய்ய வேண்டியதெல்லாம் தலையாட்டுவதுதான். ஆட்டிவிட்டால் உள்ளே சேர்த்துக்கொள்வார்கள். அதன் பிறகு என் வீட்டில் நான் குடிக்கிற ஒவ்வொரு கிண்ணமும் பொய்யாகிவிடும்.

"டீ போட்டுக் கொண்டாரேன்" என்று சொல்லி எழுந்தேன்.

அலமாரியில் பிரிக்காத பொட்டலம் ஒன்று இருந்தது. மல்லிகைத் தேயிலை. பச்சைத் தேயிலையின் நடுவே மல்லிகை மொட்டுகளைப் பரப்பிவைப்பார்களாம். அது மலர்ந்து மணத்தை விட்டதும் பூவைப் பொறுக்கி எடுத்துவிடுவார்களாம். மறுபடி புது மொட்டு, மறுபடி பொறுக்குவது. கடைக்காரப் பெண் சொல்லியிருந்தாள். வாங்கி மூன்று வாரம் ஆகியும் பிரிக்கத் தைரியம் வரவில்லை. காரியத்தன்று கடைசியாக என் தலையில் மல்லிகை வைத்ததும், பிறகு அதை எடுத்ததும் அக்காவின் கைகள்தான். எடுக்கும்போது என்னைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். அன்றிலிருந்து என் வீட்டுக்குள் மல்லிகை மணம் நுழைந்ததில்லை.

கடுகுக் குமிழி வந்ததும் அடுப்பை அணைத்தேன். இலையில் தண்ணீரை ஊற்றினேன். அடுக்களை முழுக்க மணத்தது.

கூடத்தில் அக்காவின் பேச்சு பாதியில் நின்றது.

"யாரு பூ வெச்சிருக்கா?"

திதி வீட்டுக்கு யாரும் பூ வைத்து வர மாட்டார்கள். ஆனாலும் இளம் பெண்கள் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நான் தட்டோடு வெளியே வந்தேன். எல்லாருடைய கண்ணும் என் கொண்டைக்குப் போனது.

"தலையில இல்லக்கா, இதுல இருக்கு" என்று தட்டைக் காட்டினேன். "மல்லிகைப்பூ டீ. பாலும் இல்ல, சீனியும் இல்ல."

"இன்னிக்கா? அவன் திதி அன்னிக்கா இதைப் போடுற?"

"அக்கா, நான் விரதம் இருக்கல. ஒரு நாளும் இருந்ததில்ல. பால் டீ எனக்குப் பிடிக்கல, விட்டுட்டேன். இது பிடிச்சிருக்கு, குடிக்கிறேன். சனிக்கிழமை வாரா வாரம் கோவிலுக்குப் போகல, இதைக் குடிக்கத்தான் போறேன். விளக்கு பூஜைக்குக் கூப்பிட்டா சந்தோஷமா வர்றேன். விரதம்னு சொல்லி மட்டும் கூப்பிடாதீங்க."

மகன் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தான். "மா, நாட் டுடே லா. ப்ளீஸ் மா."

"இன்னிக்குத்தான்டா" என்றேன்.

அக்கா எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"அப்ப என் தம்பி போனது உனக்கு நல்லதாப் போச்சு. அதானே சொல்ற?"

"அவரு போனது எனக்கு இன்னும் ஆறலக்கா. ஆறவும் ஆறாது. அவரு இருந்திருந்தா அவருக்கும் ஒரு கப் குடுத்திருப்பேன். ஒரு வாய் குடிச்சிட்டு, என்னடி வெந்நீரைக் குடுக்குறேன்னு கீழ வெச்சிருப்பாரு. அப்பவும் நான் குடிச்சிருப்பேன்."

யாரும் கிண்ணத்தை எடுக்கவில்லை. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். மகன் கடைசி வரை இருந்தான். பாத்திரம் கழுவினான். கிளம்பும்போது, ஆறிப்போன ஒரு கிண்ணத்தை நின்றபடியே குடித்துவிட்டு, சோப்பு மாதிரி இருக்கும்மா என்றான். இருக்கட்டும், அது அவன் நாக்கு. பொய்யாக நைஸ் என்று சொல்லாமல் இருந்தானே, அதுவே எனக்குப் போதும்.

அக்கா என்னோடு பேசி ஐந்து மாதமாகிறது. விளக்கு பூஜை நடந்தது, அழைப்பு வரவில்லை. நான் இரண்டு தடவை ஃபோன் செய்தேன், நலம் விசாரிக்க. மன்னிப்புக் கேட்க இல்லை. அவர் எடுக்கவில்லை. அவருடைய பதினாறு நாள் சோற்றை நான் மறக்க மாட்டேன். அதற்காக என் நாக்கை அவரிடம் கொடுக்கவும் மாட்டேன்.

ஆனால் அன்று நான் சொன்னதில் ஒன்று பொய். என் கணவர் இருந்திருந்தாலும் குடித்திருப்பேன் என்றேனே, அது. குடித்திருக்க மாட்டேன். அவர் தடுத்திருப்பார் என்று இல்லை, அவர் எதையும் தடுக்கிற மனிதரே அல்ல. எனக்கு வேறு வேண்டும் என்று நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. அக்கா மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம், வடிகட்டியின் அடியில் சொட்டியதைக் குடித்துவிட்டுச் சும்மா நின்ற அந்தப் பெண்ணின் மேல் இருக்கிற கோபத்தில் பாதிகூட வராது.

என் கணவர் திரும்பி வருவார் என்றால் நாளை விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, இஞ்சி தட்டிப் போட்டு, இரண்டு தடவை பொங்கவைத்து, அவருக்கு டீ போடுவேன். சந்தோஷமாகவே போடுவேன். பக்கத்து அடுப்பில் எனக்குத் தனியாகத் தண்ணீர் வைப்பேன்.